குமாருக்குப் பசிக்கிறது

2004ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி டாமி சோங் சிறையிலிருந்து வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 66. ஒன்பது மாதத் தண்டனை. கஞ்சா புகைக்கிற கண்ணாடிக் குழாய்களை இணையத்தில் விற்ற குடும்ப நிறுவனம்தான் வழக்குக்குக் காரணம். கஞ்சாவை விற்கவில்லை, கண்ணாடியை விற்றார். அதற்குத்தான் உள்ளே போனார்.

இந்த டாமி சோங்தான் சீச் மாரினோடு சேர்ந்து 1978இல் 'அப் இன் ஸ்மோக்' படத்தில் நடித்தவர். லூ அட்லர் இயக்கியது. இரண்டு கஞ்சா கிறுக்கர்கள், உடம்பு முழுக்கக் கஞ்சாவாலேயே செய்யப்பட்ட ஒரு வேனை, அது தெரியாமலேயே மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓட்டி வருவார்கள். பின்னாலேயே ஒரு முட்டாள் போலீஸ் கூட்டம். ஸ்டோனர் காமெடி என்று இன்று நாம் சொல்லும் படங்களுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. சோங்கின் அப்பா சீனர், மாரின் மெக்சிகோ வம்சாவளி. அந்த வகைப் படத்தின் முதல் ஜோடியே வெள்ளைக்காரர்கள் இல்லை என்பதை இப்போது யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

சோங் வெளியே வந்த அதே ஜூலை மாதம் 30ஆம் தேதி, 'ஹரால்ட் அண்ட் குமார் கோ டூ வைட் காசில்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரு கொரியப் பையன், ஒரு இந்தியப் பையன். கதை என்று கேட்டால் ஒரே வரிதான். கஞ்சா அடித்தார்கள், பசித்தது, பர்கர் சாப்பிடப் போனார்கள்.

இதை வைத்து ஒன்றரை மணி நேரம் எப்படி ஓட்டுவது? அங்கேதான் இந்த வகைப் படங்களின் சூட்சுமம் இருக்கிறது. ஆசை எவ்வளவு சின்னதோ, இரவு அவ்வளவு நீளம். வைட் காசில் என்பது 1921இல் கான்சாஸில் ஆரம்பித்த பர்கர் கடை. சதுரமாக, உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சின்ன பர்கர்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது. டிவியில் விளம்பரம் பார்த்த நொடியில் இருவருக்கும் அதுதான் வேண்டும், வேறு எதுவும் ஆகாது. நியூ பிரன்ஸ்விக்குக்குப் போனால் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது வேறொரு கடை. அங்கே வேலை செய்கிற ஆள், செர்ரி ஹில்லுக்குப் போங்கள் என்று அனுப்பிவைக்கிறான். அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரக்கூன் கடிக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆள்மாறாட்டத்தில் குமார் அறுவை சிகிச்சை செய்கிறான். நீல் பேட்ரிக் ஹாரிஸ் என்ற நடிகர் நீல் பேட்ரிக் ஹாரிஸாகவே வந்து லிஃப்ட் கேட்டு, கடைசியில் காரையே திருடிக்கொண்டு போகிறார். ஒரு சிறுத்தைக்குக் கஞ்சா கொடுத்து அதன் முதுகில் ஏறிப் போகிறார்கள்.

நான் இதை முதலில் பார்த்தது 2006இல், சுங்கை பட்டாணியில். எங்கள் தாமானில் புதன்கிழமை பாசார் மாலாம் போடுவார்கள். பத்து வெள்ளிக்கு மூன்று டிவிடி. எல்லாம் திருட்டு டிவிடிதான், வேறு என்ன? வாங்கியவர் அண்ணன். என் பெரியப்பா மகன், என்னைவிட நான்கு வயது மூத்தவர். அட்டையில் 'குமார்' என்று இருந்ததால் எடுத்தார். "டேய், இங்கிலீஷ் படத்துல குமாராம்டா." அவ்வளவுதான் காரணம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து மூன்று குமார்கள் இருந்தார்கள். மூவரில் ஒருவர்கூட இங்கிலீஷ் படத்தில் வரக்கூடிய ஆள் இல்லை.

அந்த வயதில் எங்களுக்குத் தெரியாத ஒன்று, அமெரிக்காவிலும் அந்தப் பெயர் அப்படித்தான் இருந்தது என்பது. படத்தின் முன்னோட்டத்தில் நடிகர்களை அறிமுகப்படுத்தும்போது, 'அமெரிக்கன் பை'யில் வந்த அந்த ஆசியப் பையன், 'வான் வில்டர்' படத்தில் வந்த அந்த இந்தியப் பையன் என்றுதான் சொல்வார்கள். கிண்டல்தான். ஆனால் உண்மையும் அதுதான். ஜான் சோ சோலில் பிறந்தவர். 'அமெரிக்கன் பை'யில் சில நொடிகள் வந்து ஒரு கெட்ட வார்த்தையைப் பிரபலமாக்கிவிட்டுப் போனவர். கல் பென் 2002இல் 'வான் வில்டர்' படத்தில் நடித்த பாத்திரத்தின் பெயர் தாஜ் மஹால் பதலந்தாபாத். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இப்படி ஒரு பெயரை இந்தியர் யாருக்காவது அவன் அம்மா வைத்திருப்பாளா?

கல் பென்னின் சொந்தப் பெயர் கல்பென் சுரேஷ் மோடி. நியூ ஜெர்சியில் பிறந்த குஜராத்திக்காரர். வெள்ளைக்காரன் காதுக்கு ஏற்ற மாதிரி பெயர் இருந்தால் வாய்ப்பு வரும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். அதெல்லாம் சும்மா என்று நிரூபிக்கத்தான் பெயரை இரண்டாக உடைத்து அனுப்பினார். ஆடிஷனுக்குப் பிறகு திரும்பக் கூப்பிடுவது பாதிக்குப் பாதி கூடிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். விளையாட்டாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பெயரில் கை வைக்கலாமா என்று யோசித்த நம்மூர் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படத்தை எழுதிய ஜான் ஹர்விட்ஸும் ஹேடன் ஷ்லாஸ்பெர்க்கும் நியூ ஜெர்சியில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் படித்த யூதப் பையன்கள். நம்மவர் யாரும் எழுதியதில்லை. ஆனாலும் குமார் படேல் ஓர் இடம் தவிர வேறெங்கும் போலி உச்சரிப்பில் பேசுவதில்லை. தலையை ஆட்டுவதில்லை. அவனுக்குப் பெண்கள்மேல் ஆசை, கஞ்சாமேல் அதைவிட ஆசை, வேலை செய்வதில் சோம்பல். அதுவரை அமெரிக்கப் படத்தில் ஓர் இந்தியனுக்குச் சோம்பேறியாக இருக்கும் உரிமை இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். ஹரால்ட் அதற்கு நேரெதிர். வங்கியில் இளநிலை வேலை. வெள்ளிக்கிழமை மாலை, கூட வேலை செய்பவர்கள் தங்கள் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆசியர்கள்தான் கணக்கில் புலியாச்சே, வாயையும் திறக்க மாட்டார்களே! ஜான் சோவின் நடிப்பை நான் இப்போதுதான் கூர்ந்து பார்க்கிறேன். முகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். சிரிக்க வைப்பது கல் பென். ஆனால் அந்தச் சிரிப்புக்குத் தரை போட்டுக் கொடுப்பவர் ஜான் சோ.

அண்ணனுக்குப் பிடித்த காட்சி ஆரம்பத்தில் வரும் மருத்துவக் கல்லூரி நேர்காணல். குமார் நுழைவுத் தேர்வில் முழு மதிப்பெண் எடுத்தவன். அப்பா டாக்டர், அண்ணன் டாக்டர். நேர்காணலுக்குப் போனால்தான் அப்பா வீட்டு வாடகைக்குக் காசு கொடுப்பார். அதற்காகப் போகிறான். உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே ஹரால்டிடமிருந்து போன் வருகிறது. எடுத்து, கஞ்சாவைப் பற்றிச் சத்தமாகப் பேசுகிறான். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஃப்ரெட் வில்லர்டின் முகம் இருக்கிறதே! அண்ணன் அந்த இடத்தை ரிமோட்டில் நான்கு தடவை பின்னுக்கு ஓட்டினார். சமையலறையில் பெரியம்மா இருந்தார். அண்ணன் அப்போது எஸ்டிபிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம். வீட்டில் அவரை டாக்டர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வயதிலிருந்தே அப்படித்தான்.

எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டை உண்டு. அது இங்கேதான். பாதிப் படத்தில் ஆஸ்பத்திரியில் குமார் தன் அண்ணன் என்று தவறாக நினைக்கப்பட்டு, குண்டடிபட்ட ஒருவனுக்கு அறுவை சிகிச்சை செய்கிறான். கை நடுங்கவே இல்லை. பிரமாதமாகச் செய்கிறான். கடைசியில், டாக்டராவது தனக்குப் பிடிக்காமல் இல்லை, இந்தியன் என்றால் டாக்டர் என்கிற அச்சில் விழுவதுதான் பிடிக்கவில்லை என்று தெளிந்து, படிக்கப் போகலாம் என்று முடிவெடுக்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் யாருக்கு வருகிறது? முழு மதிப்பெண் எடுத்தவனுக்கு. டாக்டர் வீட்டில் பிறந்தவனுக்கு. கதவைச் சாத்தினாலும் மறுநாள் அது திறக்கும் என்று தெரிந்தவனுக்கு. குமாரின் கலகத்துக்குப் பின்னால் ஒரு மெத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் விழுந்த இடத்தில் சிமெண்டுத் தரைதான் இருந்தது.

2008இல் அது நடந்தது. இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல், வெளிநாட்டில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கியிருந்தார்கள். பெரியப்பா சேமநிதிக் காசை எடுக்கப் பாரம் எல்லாம் நிரப்பி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு நான்கு பேர் ஒரு காரில் வரும்போது போலீஸ் சாலைத்தடுப்பு. காரில் ஒரு சுருட்டு கஞ்சா. அது அண்ணனுடையது இல்லை. ஆனால் சிறுநீர்ச் சோதனை யாருடையது என்றெல்லாம் கேட்காது. போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்கு இங்கே ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை. அதோடு குறைந்தது இரண்டு வருடக் கண்காணிப்பு. அண்ணனுக்கு அபராதமும் கண்காணிப்பும் கிடைத்தன. சிறை இல்லை. எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள். சொன்ன நாளில் போய் நிற்க வேண்டும், சிறுநீர் கொடுக்க வேண்டும். கண்காணிப்பில் இருப்பவன் வெளிநாட்டுக்கு எங்கே போவது? பெரியப்பா பாரத்தைக் கிழிக்கவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினார். டாக்டர் தம்பி என்கிற பேச்சு அன்றோடு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது.

அதே ஆண்டு படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. விமானத்தில் குமாரின் கஞ்சாக் குழாயைப் பார்த்துக் குண்டு என்று நினைத்து, இருவரையும் பிடித்து குவாண்டானாமோ சிறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதை நான் தனியாகத்தான் பார்த்தேன்.

முதல் பாகத்தில் இன்னொரு காட்சி உண்டு. நடு இரவில் வண்டியே இல்லாத சாலையைத் தப்பான இடத்தில் கடந்தார்கள் என்று ஒரு போலீஸ்காரர் பிடிக்கிறார். பேச்சு முற்றி ஹரால்ட் லோக்கப்புக்குப் போகிறான். உள்ளே தாரிக் என்றொரு கறுப்பினத்தவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். கேரி ஆண்டனி வில்லியம்ஸ் நடித்தது. என்ன தப்பு செய்தீர்கள் என்றால், கறுப்பனாக இருந்தேன் என்கிறார். புத்தகக் கடையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். வேறெங்கோ ஒரு கறுப்பன் திருடியிருக்கிறான். அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு பேராசிரியர் வகுப்பெடுப்பதுபோல, கோபமே இல்லாமல் சொல்கிறார். போலீஸ்காரர்கள் அவரை அடிக்கிறார்கள். குமார் வருகிறான், ஹரால்டும் குமாரும் தப்பிக்கிறார்கள். அவர் தப்பிக்கவில்லை. படம் முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டு இந்த ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பதா வேண்டாமா என்று நம்மைத் தடுமாற விடுகிறார் இயக்குநர் டேனி லைனர். அவர் 2018இல் இறந்துவிட்டார். 'டூட், வேர்ஸ் மை கார்' எடுத்தவர் என்று அவரை லேசாக ஒதுக்கிவிடுவார்கள். இந்தக் காட்சிக்காகவாவது அவரை ஒதுக்க எனக்கு மனம் வராது.

லோக்கப்பிலிருந்து வந்த பிறகு அண்ணன் என்னிடம் அந்த இரவைப் பற்றிப் பேசியது ஒரே தடவைதான். அதுவும் இந்தக் காட்சியைச் சொல்லித்தான். "அந்தாளு எவ்ளோ கூலா உக்காந்திருந்தாரு ஞாபகம் இருக்கா? சும்மாடா. அப்படில்லாம் உக்கார முடியாது. காதுதான் வேலை செய்யும். யாரு நடந்து வர்றான்னு கேட்டுக்கிட்டே இருப்ப." அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, 2009 ஜனவரியில், குகன் தடுப்புக்காவலில் இறந்தார். பத்திரிகையில் வந்த படத்தைப் பெரியம்மா மடித்துப் பீரோவுக்குள் வைத்தார். அண்ணன் கண்ணில் படக்கூடாது என்றா, அல்லது தூக்கிப்போட மனசு வரவில்லையா? நான் கேட்டதில்லை.

போலீஸ் நிலையத்திலேயே இன்னொரு கூத்தும் நடக்கிறது. பறிமுதல் செய்த கஞ்சா மூட்டை ஒன்று குமார் கண்ணில் படுகிறது. ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டை. உடனே கனவுக் காட்சி. குமாரும் மூட்டையும் காதலிக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். படத்தின் உச்சபட்சக் கிறுக்குத்தனம் அதுதான். பதினைந்து வயதில் வயிறு வலிக்கச் சிரித்தேன். சென்ற ஆண்டு மறுபடி பார்த்தபோது என் தலைக்குள் ஒரு தராசு வேலை செய்தது. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல்காரன் என்று இங்கே அனுமானித்துக்கொள்ளலாம். 39பி பிரிவு. தூக்கு. 2023 ஜூலையில்தான் கட்டாய மரண தண்டனையை எடுத்தார்கள், இப்போது நீதிபதி யோசிக்கலாம். சிங்கப்பூரில் 500 கிராமைத் தாண்டினால் இன்றும் தூக்குதான். குமாரின் மணப்பெண் எத்தனை கிலோ இருப்பாள்? ஒரு நகைச்சுவைப் படத்தை இப்படியா பார்ப்பது என்று கேட்கலாம். வேறு மாதிரி பார்க்க எனக்கு இப்போது வரவில்லை.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று நான் பேச வரவில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். படத்தில் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். பெண்களை எழுதியிருக்கும் விதம் படு மோசம். ஹரால்டின் காதலி மரியாவுக்கு லிஃப்டில் நின்று சிரிப்பதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. பிரின்ஸ்டன் கழிவறைக் காட்சி அன்றைக்கே நாறியது. ஓரினச்சேர்க்கையாளர்களை வைத்து அடிக்கும் ஜோக்குகளை இப்போது கேட்டால் உடம்பு கூசுகிறது. அதிலும் ஒரு வேடிக்கை, படத்தில் பெண்பித்தராக வரும் நீல் பேட்ரிக் ஹாரிஸ் 2006இல் தான் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாக அறிவித்தார். குழந்தை டாக்டர் டூகி ஹவ்சராக அமெரிக்க வீடுகளில் வளர்ந்தவர் அவர். தன் பெயரிலேயே ஒரு அயோக்கியனாக நடிக்க ஒப்புக்கொண்டது அசாத்தியத் துணிச்சல். மறுவருடம் ஆரம்பித்த 'ஹௌ ஐ மெட் யுவர் மதர்' தொடரின் பார்னி, இந்த அயோக்கியனின் கோட்டுப் போட்ட தம்பி மாதிரியே இருப்பான்.

நான் மன்னித்துவிடும் இடம் ஒன்று உண்டு. கடைக்காரர் காட்சிகள். ஒரு வெள்ளைக்கார ரவுடிக் கும்பல் பெட்டிக்கடை வைத்திருக்கும் இந்தியரைப் படுத்துகிறது. கேட்க ஆளில்லை. பிறகு ஒரு சந்தர்ப்பத்தில் அதே கும்பலின் வண்டியை ஹரால்ட் எடுத்துக்கொண்டு பறக்கும்போது, 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் கடைக்காரர் ஆப்புவின் வாயில் போட்டுப் பத்து வருடத்துக்கும் மேலாக எல்லா இந்தியர்களையும் கேலி செய்த அதே வாசகத்தைக் குமார் அவர்கள் மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போவான். அந்த உச்சரிப்பை அவன் செய்வது அப்போது மட்டும்தான். அண்ணன் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

அப்புறம் மலை உச்சிப் பேச்சு. கண்ணுக்கு எதிரே, கீழே வைட் காசில் தெரிகிறது, போக வழியில்லை. ஹரால்ட் சோர்ந்துவிடுகிறான். அப்போது குமார் பேசுகிறான். நம் பெற்றோர் எதற்கு இந்த நாட்டுக்கு வந்தார்கள்? பசியினால் வந்தார்கள். இது பர்கரைப் பற்றிய விஷயம் இல்லை. பாதி கேலி, பாதி நிஜம். அமெரிக்கக் கனவு பற்றிய மேடைப் பேச்சுகளையெல்லாம் கிண்டல் செய்துகொண்டே அதையே நம்பவும் வைக்கிற பேச்சு. குமாரின் அப்பாவாக நடித்த எரோல் சிதஹால் ட்ரினிடாடில் பிறந்தவர் என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு எனக்கு வேறு மாதிரி கேட்டது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன இந்தியர்களின் தீவு அது. ரப்பர் தோட்டத்துக்கு வந்த எங்கள் கொள்ளுத்தாத்தாவும் பசிக்குத்தான் வந்தார். அவருக்கு யாரும் மலை உச்சியில் நின்று பேசிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, ஆளுக்கு முப்பது பர்கர் சாப்பிடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த தகவல், கல் பென் நிஜத்தில் சைவம். அவருக்கென்று காய்கறியில் தனியாகச் செய்து கொடுத்தார்கள்.

பிறகு அவர் போன தூரம் கொஞ்சம் நஞ்சமில்லை. மீரா நாயரின் மகன் சோஹ்ரான் மம்தானி, சின்னப் பையன், குமாரின் ரசிகன். அவன் அம்மாவை நச்சரித்ததால்தான் 2006இல் வந்த 'தி நேம்சேக்' படத்தில் கல் பென் கோகோல் ஆனார். அந்தப் பையன் இப்போது நியூயார்க் மேயர். கல் பென் 2009இல் 'ஹவுஸ்' தொடரை விட்டுவிட்டு ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் வேலைக்குப் போனார். கஞ்சா குமார் வெள்ளை மாளிகையில்! ஜான் சோ 'ஸ்டார் ட்ரெக்'கில் சுலு ஆனார். 2018இல் 'சர்ச்சிங்' படத்தைக் கணினித் திரைகளுக்குள்ளேயே ஒற்றை ஆளாகச் சுமந்தார். எழுதிய இருவரும் 'கோப்ரா காய்' செய்தார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்.

நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரல் 21ஆம் தேதியிலிருந்து பெரியவர்கள் கடைக்குப் போய் வரிசையில் நின்று கஞ்சா வாங்கலாம். ஹரால்டும் குமாரும் ஓடிய அதே ஊர்கள்தான். மறுவருடம் ஏப்ரல் 26ஆம் தேதி சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சற்றுமேல் கஞ்சா. அதைக் கையில் வைத்திருந்தார் என்பதல்ல வழக்கு, தொலைபேசி வழியாகக் கடத்தலுக்கு உடந்தையாக இருந்தார் என்பது. அன்று காலை அண்ணனை அழைத்தேன். எடுக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டு, வேலையில் இருந்தேன் என்றார். அவருக்கு இப்போது சொந்தமாக ஏர்கோன் சர்வீஸ் கடை, கீழே இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மாவின் முட்டிவலியைப் பற்றிப் பேசினோம்.

2025இல் நான்காம் பாகத்துக்கு வேலை நடக்கிறது என்று செய்தி வந்தது. அண்ணனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு வந்தது. பின்னணியில் டிரில் சத்தம்.

"குமாருக்கு இப்ப நாப்பத்தெட்டு வயசாமேடா. முப்பது பர்கர் சாப்டா பிரஷர் என்னாவறது? சரி, எங்க காட்டுவானுங்க? நம்ம ஊர்ல தியேட்டர்ல விடுவானுங்களா? டிவிடிகாரனும் இப்ப இல்லை. நீ பார்த்தா முன்னாடியே கதையச் சொல்லிறாத. கிட்டா லாமா ஃபேக்டரில ஒரு யூனிட் ஓடல, போய்ட்டு வந்து கூப்பிடுறேன்."